ரோட்டில் ஓட்ட ஒரு 350 ஷெவி: இன்ஜின் பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

ஷெவர்லேயின் 350 ஸ்மால் பிளாக்குக்கு (350 கன அங்குல வி8 இன்ஜின்) கிடைக்காத பாகம் இல்லை. புதிதாக இன்ஜின் கட்டுபவர்களைச் சிக்கலில் மாட்டிவிடுவதும் அதுதான். முதலில் பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வாங்குகிறார்கள், அடுத்து பெரிய கார்பரேட்டர். காசு கரைந்த பிறகு, ஹெட்டும் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பாகம்) பிஸ்டனும் பழையதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஐடிலில் இன்ஜின் பிரமாதமாக உறுமும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் வேன் முந்திக்கொண்டு போய்விடும்.

வாங்க வேண்டிய வரிசை இதற்குத் தலைகீழ். முதலில் வண்டி, பெட்ரோல், ஆர்.பி.எம். எல்லை. அதற்கேற்ற ஹெட், ஹெட்டுக்கேற்ற கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது). கேம் அதற்கப்புறம்தான்.

இங்கே கணக்குப் போடும் இன்ஜின் இது: சிலிண்டர்களை 0.030 அங்குலம் அகலப்படுத்திய (போர் செய்த) 350 (அதாவது 355 கன அங்குலம்), கார்பரேட்டர், அமெரிக்க பங்க்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோல், 6,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாத கேம். பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் 375 முதல் 400 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகவும் முடியும்.

1. கடைக்குப் போகும் முன் எழுதி வைக்க வேண்டியவை

வண்டியின் எடை, கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ரேஷியோ, டயரின் விட்டம், பிரேக்குக்கு வேக்கம் பூஸ்டர் உண்டா இல்லையா. இந்த ஐந்தும் ஒரு தாளில் இருக்கட்டும். கேம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாலும் முதலில் இவற்றைத்தான் கேட்பார்கள்.

ஹைவேயில் இன்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் ஓடும் என்று கணக்குப் போடுங்கள். மைல் வேகத்தை ஆக்ஸில் ரேஷியோவால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, அங்குலத்தில் டயர் விட்டத்தால் வகுக்க வேண்டும். 26 அங்குல டயர், 65 மைல் வேகம், 3.08 ரேஷியோ என்றால் சுமார் 2,590. அதே டயரில் 3.73 என்றால் 3,130. ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸ் இருந்தால் 0.70-ஆல் பெருக்குங்கள், 3.73 ஆக்ஸிலிலும் 2,190-க்கு இறங்கிவிடும்.

இந்த எண் தெரியாமல் கேமைத் தேர்ந்தெடுக்க முடியாது. 3.08 ஆக்ஸிலும் சாதாரண டார்க் கன்வெர்ட்டரும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் சக்தியைக் கடத்தும் பாகம்) உள்ள வண்டி பெரும்பாலான நேரம் 1,500 முதல் 3,000 வரைதான் சுழலும். 3,500-க்கு மேல் விழித்துக்கொள்ளும் கேமை அதில் போட்டால், இன்ஜினின் நல்ல பகுதியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

சட்டத்தையும் இப்போதே பாருங்கள். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது, 1976-லிருந்து உண்டு. சோதனைக்குப் போகும் வண்டி என்றால் இன்டேக், ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி), கேம் எல்லாவற்றுக்கும் மாநில ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பொருத்திய பிறகு தெரிந்தால் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

2. பிளாக்: அளக்கும் முன் பிஸ்டன் வாங்காதீர்கள்

பிளாக்கைக் கழுவி, காந்தத் தூள் போட்டு விரிசல் பார்த்து, சிலிண்டர்களை அளந்த பிறகே மற்ற எதற்கும் காசை எடுங்கள். தேய்மானம் 0.030 போரில் சரியாகிவிடுமா, 0.040 வேண்டுமா என்பது அளந்தால்தான் தெரியும். "0.030 பிஸ்டன் தள்ளுபடியில் கிடைத்தது" என்று முந்திக்கொண்டவர்களின் பிளாக் 0.040 கேட்கும். இது அடிக்கடி நடப்பது.

0.060 என்பது கடைசி எல்லை. அதற்குப் போகும் முன் அல்ட்ராசானிக் கருவியால் சுவர் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் மெலிந்த சிலிண்டர் சூட்டில் வளையும். ரிங் சீல் ஆகாது, இன்ஜினும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

அளவு தெரிந்தாலும் உடனே போர் செய்ய விடாதீர்கள். பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் கடைசி ஹோனிங் (சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்துச் சரியாக்குவது). ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கான் அதிகமுள்ள அலுமினிய வார்ப்பு) பிஸ்டனுக்கு 0.0015 முதல் 0.002 அங்குலம் போதும். 2618 உலோகக் கலவையில் ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதற்கு 0.004 அல்லது மேலே வேண்டும். இந்த இன்ஜினுக்கு ஹைப்பர்யூடெக்டிக் தாராளமாகத் தாங்கும். நைட்ரஸோ டர்போவோ பின்னால் வரும் என்றால் மட்டும் ஃபோர்ஜ்டு வாங்குங்கள்.

ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கும் தடித்த தட்டு) போடச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை முறுக்கினால் சிலிண்டர் லேசாக உருமாறும். உருமாறிய நிலையிலேயே வட்டமாகத் தேய்த்தால்தான், ஹெட் ஏறிய பிறகும் வட்டமாக இருக்கும்.

3. கிராங்க், ராட், பேலன்ஸ்

400 குதிரைத்திறன், 6,000 ஆர்.பி.எம். வரை 350-இன் வார்ப்புக் கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போதும். கிராங்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் மெயின் கேப்பும் போதும். நான்கு போல்ட் பிளாக் தேடி அலைவதற்குச் செலவாகும் காசை ஹெட்டில் போடுங்கள்.

ராட்டில் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய ராட்டையே வைத்துக்கொண்டாலும் போல்ட்டைப் புதிதாக, தரமானதாக மாற்றுங்கள். போல்ட் மாறினால் ராட்டின் பெரிய துளை வட்டம் கெடும். எனவே ரீசைஸ் செய்தாக வேண்டும். அந்தக் கூலியையும் போல்ட் விலையையும் கூட்டிப் பாருங்கள். பல சமயம் புதிய ஐ-பீம் ராட் செட் கிட்டத்தட்ட அதே விலைக்கு வந்துவிடும்.

பின்பக்க மெயின் சீல் எந்த வகை என்று கண்டிப்பாகப் பாருங்கள். 1985 வரை இரண்டு துண்டு, 1986-லிருந்து ஒரே துண்டு. கிராங்க் பின்பக்கத்தின் போல்ட் வட்டமே வேறு: முன்னதில் 3.58 அங்குலம், பின்னதில் 3.00. ஒரு துண்டு சீல் கிராங்குக்கான ஃபிளெக்ஸ் பிளேட்டில் (கிராங்கின் பின்னால் மாட்டும் பற்சக்கரத் தட்டு) பேலன்ஸ் எடை சேர்ந்தே வரும். பிளாக்கின் ஆண்டைச் சொல்லாமல் ஃபிளெக்ஸ் பிளேட் வாங்கினால் பொருந்தாது.

பிளேட்டில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு உண்டு. ஸ்டார்ட்டரின் மூக்கும் போல்ட் வரிசையும் அதற்கேற்ப மாறும்.

பிஸ்டனோ ராட்டோ மாறினால் மொத்தத்தையும் பேலன்ஸ் செய்ய வேண்டும். டேம்பரையும் (கிராங்கின் முன்னால் உள்ள அதிர்வு தணிக்கும் சக்கரம்) ஃபிளெக்ஸ் பிளேட்டையும் சேர்த்தே பட்டறைக்குக் கொடுங்கள். பாதியைக் கொடுத்தால் பாதி பேலன்ஸ்தான்.

3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 383 ஆக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல இன்ஜின்தான். ஆனால் ராட் போல்ட் பிளாக்கின் அடிவிளிம்பிலும் கேம் லோபிலும் (கேமில் உள்ள மேடு) இடிக்கக்கூடும். பிளாக்கைக் குடைந்து, இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பார்க்க வேண்டும். முதல் இன்ஜினுக்கு 355 போதும்.

4. ஹெட்: அதிகக் காசு போக வேண்டிய இடம்

இன்ஜினின் சக்தி எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது ஹெட். நடுத்தரக் கேமும் நல்ல ஹெட்டும் சேர்ந்தால், பெரிய கேமும் மோசமான ஹெட்டும் சேர்ந்ததை எல்லா ஆர்.பி.எம்.மிலும் அடிக்கும்.

அலுமினிய ஹெட் வாங்குவதானால் இன்டேக் ரன்னர் (காற்று உள்ளே வரும் பாதை) 180 முதல் 195 சி.சி., சேம்பர் (கலவை எரியும் குழி) 64 சி.சி., வால்வ் 2.02 மற்றும் 1.60 அங்குலம். 210-க்கு மேலே உள்ள ரன்னர் விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கும். குறைந்த ஆர்.பி.எம்.மில் அவ்வளவு பெரிய பாதையில் காற்றின் வேகம் செத்துவிடும். கீழ் டார்க் போய்விடும்.

பட்ஜெட் குறைவென்றால் 1996 முதல் ட்ரக்குகளில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட். வார்ப்பு எண் 906 அல்லது 062-இல் முடியும். 64 சி.சி. சேம்பர், பழைய இரும்பு ஹெட்டுகளைவிட நல்ல பாய்ச்சல். ஆனால் மூன்று கொக்கிகள் உண்டு.

முதலாவது, இன்டேக் மேனிஃபோல்டு (கார்பரேட்டரிலிருந்து ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுபோகும் பாகம்). பழையதில் 12 போல்ட். இதில் 8 தான், அதுவும் செங்குத்தாக. வோர்டெக்குக்கென்றே வரும் மேனிஃபோல்டு வேண்டும்.

இரண்டாவது, லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்). வால்வ் கைடின் தலைக்கும் ஸ்பிரிங் ரீடெய்னருக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. 0.450 அங்குலத்துக்கு மேல் லிஃப்ட் போனால் அளந்தே ஆக வேண்டும், 0.475 வாக்கில் பெரும்பாலும் ரீடெய்னர் சீலில் போய் இடிக்கும். முதலில் சீல் நசுங்கிப் புகை வரும், பிறகு லாக் கழன்று வால்வே சிலிண்டருக்குள் விழும். கைடைச் சீவிக்கொண்டால் தீரும்.

மூன்றாவது, ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்). வோர்டெக்கில் தானே வழிகாட்டிக்கொள்ளும் ராக்கர் வரும். சாதாரண ராக்கரை மாட்டினால் வால்வ் நுனியை விட்டு நழுவிவிடும். அதற்குக் கைடு பிளேட்டும் திருகு ஸ்டட்டும் வேண்டும்.

பழைய பட்டறை ஹெட் வாங்கினால், விலை பேசும் முன் விரிசல் சோதனை. வோர்டெக் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைச் சுற்றி விரிசல் விழுவது சகஜம்.

5. கம்ப்ரஷன்: கணக்கைக் கையால் போடுங்கள்

பிஸ்டன் பெட்டியில் "10:1" என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். அது ஏதோ ஒரு சேம்பரையும் ஏதோ ஒரு கேஸ்கெட்டையும் மனதில் வைத்துச் சொன்னது.

4.030 போர், 3.48 ஸ்ட்ரோக்: ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 727.4 சி.சி. பிஸ்டன் மேலே வந்ததும் மிச்சமிருக்கும் இடத்தைக் கூட்ட வேண்டும். சேம்பர், கேஸ்கெட், பிஸ்டனுக்கும் பிளாக் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள டெக் இடைவெளி, பிஸ்டனில் உள்ள வால்வ் வெட்டுகள் என்று நான்கு.

டெக்கிலிருந்து தொடங்குங்கள். பிளாக் உயரம் 9.025 அங்குலம். கிராங்கின் அரை ஸ்ட்ரோக் 1.74, ராட் 5.7, பிஸ்டனின் கம்ப்ரஷன் ஹைட் 1.56, மொத்தம் 9.00. ஆக பிஸ்டன் 0.025 கீழே நிற்கும். விலை குறைந்த ரீபில்ட் பிஸ்டன் பலவற்றில் 1.56-க்குப் பதில் 1.54 இருக்கும். அப்போது பிஸ்டன் 0.045 கீழே. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். கேட்டலாக்கில் கம்ப்ரஷன் ஹைட்டைப் பாருங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், குவென்ச். பிஸ்டனின் தட்டைப் பகுதியும் ஹெட்டின் தட்டைப் பகுதியும் 0.040 அங்குலம் வாக்கில் நெருங்கினால், ஓரத்தில் உள்ள கலவை நடுவுக்குப் பீய்ச்சப்பட்டு வேகமாக எரியும், நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜினில் தட்டும் சத்தம் வருவது) குறையும். 0.025 டெக்கோடு 0.039 கேஸ்கெட் போட்டால் 0.064. அந்தப் பலன் பெரும்பாலும் போய்விட்டது. பிளாக்கை 9.005-க்குச் சீவினால் 0.005 + 0.039 = 0.044. இதுதான் வேண்டும்.

இப்போது மொத்தக் கணக்கு, 5 சி.சி. வெட்டுள்ள ஃபிளாட் டாப் பிஸ்டனுக்கு. கேஸ்கெட் 4.100 போர், 0.039 தடிமன்; அதில் 8.4 சி.சி.

64 சி.சி. அலுமினிய ஹெட், 0.005 டெக்: மிச்ச இடம் 78.5 சி.சி. கம்ப்ரஷன் 10.27.

64 சி.சி. இரும்பு ஹெட், அதே டெக், ஆனால் 12 சி.சி. குழிவுள்ள பிஸ்டன்: 85.5 சி.சி. கம்ப்ரஷன் 9.5.

76 சி.சி. பழைய ஹெட், சீவாத பிளாக், ஃபிளாட் டாப்: 94.7 சி.சி. கம்ப்ரஷன் 8.7.

91 ஆக்டேனில் அலுமினியத்துக்கு 10.25 சுற்றுவட்டாரம், இரும்புக்கு 9.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் கூடுதலாகத் தாங்கும். இரும்பில் கம்ப்ரஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. குவென்ச்சைக் கெடுத்துக்கொண்டு கம்ப்ரஷனையும் இழப்பதால், சக்தி குறைந்த பிறகும் நாக்கிங் நிற்காது. குழிவுப் பிஸ்டன்தான் சரியான வழி.

6. கேம்: கம்ப்ரஷனோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்

இன்டேக் வால்வ் மூடும்வரை பிஸ்டன் எதையும் அழுத்துவதில்லை. பெரிய கேமில் வால்வ் தாமதமாக மூடும். ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே தாளில் போட்ட கம்ப்ரஷன் வேறு, குறைந்த ஆர்.பி.எம்.மில் இன்ஜின் உணரும் டைனமிக் கம்ப்ரஷன் வேறு. பிந்தையது 8.0 முதல் 8.5-க்குள் இருந்தால் பங்க்கு பெட்ரோலில் நிம்மதி.

மேலே போட்ட 10.27 இன்ஜினையே எடுங்கள். கீழ் மையத்துக்குப் பின் (பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகு) 63 டிகிரியில் வால்வ் மூடும் கேம் போட்டால் டைனமிக் 8.3. சரியான ஜோடி. அதே இன்ஜினில் 50 டிகிரியிலேயே மூடும் சின்ன ட்ரக் கேம் போட்டால் 9.0; மேடு ஏறும்போது கடகடவென்று நாக் அடிக்கும். 8.7 கம்ப்ரஷன் உள்ள மூன்றாவது இன்ஜினில் 63 டிகிரி கேம் போட்டால் 7.06. முதல் பத்தியில் சொன்ன, வேனிடம் தோற்கும் இன்ஜின் இதுதான்.

இந்த 355-க்கு 0.050 அங்குல அளவில் (கேம் மேட்டில் நிற்கும் லிஃப்டர் அவ்வளவு எழும்பியதிலிருந்து அளந்து) இன்டேக் டியூரேஷன், அதாவது வால்வ் திறந்திருக்கும் கோணம், 218 முதல் 226 டிகிரி, லோப் இடைக் கோணம் 110 முதல் 112, லிஃப்ட் 0.480 சுற்றி. இரண்டு கேம்களை ஒப்பிடும்போது 0.050 அளவையே ஒப்பிடுங்கள். விளம்பர டியூரேஷனை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் அளக்கிறது. 270-ம் 280-ம் கிட்டத்தட்ட ஒரே கேமாக இருக்கலாம்.

230-ஐத் தாண்டினால் ஐடில் வேக்கம் சரியும். பிரேக் பெடல் கல்லாகும். வேக்கம் பூஸ்டர் உள்ள வண்டிக்கு இது பாதுகாப்புப் பிரச்சினை. இரண்டு கேமுக்கு நடுவே தடுமாறினால் சின்னதை எடுங்கள். ரோடு இன்ஜினில் அதற்காக வருந்தியவர்கள் குறைவு.

கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா? 224 டிகிரி கேமுக்கு 2,200 முதல் 2,600 ஆர்.பி.எம். ஸ்டால் (இன்ஜின் அவ்வளவு ஏறிய பிறகே நன்றாகப் பிடிக்கும்) கன்வெர்ட்டரையும் 3.42 அல்லது 3.73 ஆக்ஸிலையும் பட்ஜெட்டில் சேருங்கள். கேம் விலையை மட்டும் பார்த்து இதை மறந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

அடுத்து, தட்டை லிஃப்டரா, ரோலர் லிஃப்டரா? 1987-லிருந்து கார்களுக்கு வந்த பல பிளாக்குகள் ரோலருக்கு ஏற்பவே வந்தவை. இன்டேக்குக்குக் கீழே பிளாக்கின் நடுப் பள்ளத்தில் லிஃப்டர் ரீடெய்னர் பொருத்தும் மேடுகள் இருக்கின்றனவா, துளையும் மரையும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ரோலரே போடுங்கள். பழைய பிளாக்கில் ரோலர் வேண்டுமானால் இணைப்புப் பட்டையுள்ள லிஃப்டர், கேம் முன்னால் நகராமல் தடுக்கும் பட்டன், குட்டையான புஷ்ராட் (லிஃப்டரிலிருந்து ராக்கருக்குப் போகும் கம்பி) எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும்.

தட்டை லிஃப்டர் மலிவு. ஆனால் முதல் அரை மணி நேரத்தில் லோப் தேய்ந்து போகும் ஆபத்து அதில்தான். புது கேமுக்குப் புது லிஃப்டர், ஜிங்க் சேர்த்த ஆயில், அளவான ஸ்பிரிங். மூன்றில் ஒன்றில் கை வைத்தாலும் கேம் போச்சு.

ஸ்டீல் பில்லட் ரோலர் கேம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் எந்த உலோகம் என்று கேம் கார்டில் (கேமோடு வரும் விவரத் தாள்) பார்த்து மாற்றுங்கள். சாதாரண வார்ப்பிரும்பு கியர் அதில் அரைந்து, பொடி ஆயிலோடு சேர்ந்து பேரிங்குகளுக்குப் போகும்.

7. ஸ்பிரிங், ராக்கர், புஷ்ராட்

ஸ்பிரிங்கைக் கேம் கார்டில் போட்டிருக்கும் எண்ணிலேயே வாங்குங்கள். ஹெட்டோடு வந்த ஸ்பிரிங் "0.550 லிஃப்ட் தாங்கும்" என்று எழுதியிருந்தாலும், அழுத்தம் உங்கள் லிஃப்டருக்கு அதிகமாக இருக்கலாம். தட்டை லிஃப்டர் கேமுக்கு ரோலர் ஸ்பிரிங் போட்டால் லோப் தேயும். ரோலர் கேமுக்குத் தட்டை ஸ்பிரிங் போட்டால் 5,000-இல் வால்வ் மிதக்கும்.

முழு லிஃப்ட்டில் சுருள்கள் ஒட்டிக்கொள்ள இன்னும் 0.060 இடம் இருக்க வேண்டும். ரீடெய்னருக்கும் சீலுக்கும் குறைந்தது 0.050.

ராக்கர் ரேஷியோவை மறக்காதீர்கள். 0.320 லோப் 1.5 ராக்கரில் 0.480, 1.6-இல் 0.512. பழைய இரும்பு ஹெட்டில் ராக்கர் ஸ்டட் அழுத்திச் செருகியதாக இருக்கும். கடினமான ஸ்பிரிங் அதை மெல்ல மேலே இழுத்துவிடும். திருகு ஸ்டட்டாக மாற்றுங்கள்.

புஷ்ராட்டைக் கடைசியில் வாங்குங்கள். தட்டை லிஃப்டருக்கு 7.8 அங்குலம், தொழிற்சாலை ரோலருக்கு 7.2 என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. பிளாக்கைச் சீவியதும் ஹெட் மாறியதும் நீளத்தை மாற்றும். நீளம் மாற்றக்கூடிய சோதனை புஷ்ராட்டை வைத்து, வால்வ் நுனியில் மார்க்கர் பூசி, இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். உரசிய கோடு மெல்லியதாக, நுனியின் நடுவே விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் கைடு சீக்கிரம் தேயும்.

8. இன்டேக்கும் கார்பரேட்டரும்

இந்த இன்ஜினுக்கு டூயல் பிளேன் (காற்றுப் பாதை இரண்டு தளமாகப் பிரிந்த) மேனிஃபோல்டு. சிங்கிள் பிளேன் 6,500-க்கு மேல் சுழலும் இன்ஜினுக்கு. பானட் மூடுமா என்று ஏர் கிளீனரோடு சேர்த்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

கார்பரேட்டர் அளவுக்குக் கன அங்குலத்தை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3,456-ஆல் வகுக்க வேண்டும். 355-க்கு 6,000-இல் 616 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). அதுவும் சிலிண்டர் நூறு சதவீதம் நிரம்பினால்தான். 85 சதவீதம் என்றால் 524. வேக்கம் செகண்டரி உள்ள 600 அல்லது 650 மிகச் சரி. 750-ம் நன்றாக ட்யூன் செய்தால் ஓடும். 850 வாங்கியவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வரும் தடுமாற்றத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள்.

9. எக்ஸாஸ்ட்

1⅝ அங்குல ஹெடர், 2½ அங்குல இரட்டைக் குழாய், நடுவே எச் அல்லது எக்ஸ் இணைப்பு. ஹெடரை வண்டியின் மாடலுக்கும் ஹெட்டுக்கும் பார்த்து வாங்குங்கள். சில அலுமினிய ஹெட்டில் எக்ஸாஸ்ட் துளை சற்று மேலே தூக்கியிருக்கும். பிளக் சாய்வும் மாறும். ஸ்டியரிங் தண்டிலோ பிளக் வயரிலோ முட்டும். வயரை உருக்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

10. இக்னிஷன்

ஜி.எம்.மின் எச்.இ.ஐ. (மின்னணு) டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல மாட்யூலோடு இந்த இன்ஜினுக்குப் போதும். மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் கோணம்) பழைய சேம்பருக்கு 34 முதல் 36 டிகிரி. வேகமாக எரியும் வோர்டெக் மாதிரி சேம்பருக்கு 32 வாக்கில் தொடங்குங்கள். 3,000 ஆர்.பி.எம்.முக்குள் முழு அட்வான்ஸும் வந்துவிட வேண்டும். வேக்கம் அட்வான்ஸை "ரேஸில் கிடையாது" என்று கழற்றிவிடாதீர்கள். ரோட்டில் பெட்ரோலும் சூடும் அதனால்தான் குறைகின்றன.

ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிப்பவை, பிளாக்கிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அந்த இரண்டு வயரையும் ஒட்டி, இணையாகக் கொண்டுபோனால் 5-க்குப் போகும் மின்சாரம் 7-இல் நேரத்துக்கு முன்பே பொறியைத் தட்டிவிடும். பிரித்து மாட்டுங்கள்.

11. ஆயில்

சாதாரணக் கொள்ளளவு பம்ப். அதிகக் கொள்ளளவு பம்ப் போட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் கியருக்குத்தான் கூடுதல் சுமை. பேரிங் இடைவெளி சரியாக இருந்தால் ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. தானே வரும். இடைவெளி ஜர்னலின் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் சுமார் 0.001: மெயின் 2.45 அங்குலம் என்பதால் 0.0025, ராட் 2.10 என்பதால் 0.0021-க்கு மேல்.

பிக்கப்புக்கும் (பம்ப்புக்கு ஆயிலை உறிஞ்சும் குழாய்) ஆயில் பான் அடிக்கும் நடுவே ¼ முதல் ⅜ அங்குலம். அளந்த பிறகு பிக்கப்பைப் பம்ப்பில் பிரேஸ் செய்து நிறுத்துங்கள். பம்ப்பின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். வெறுமனே தட்டிச் செருகிய பிக்கப் அதிர்வில் கழன்று விழுந்தால் இன்ஜின் அன்றோடு சரி.

12. தற்காலிகமாகக் கட்டிப் பார்க்கும் ஒத்திகை

எல்லாப் பாகமும் வந்ததும் ஒரு சிலிண்டரை மட்டும் தற்காலிகமாகக் கட்டுங்கள். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, இரண்டு சுற்று கையால் சுற்றிக் கழற்றுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கிப் பொய் சொல்லும். இந்தச் சோதனைக்குத் திட லிஃப்டர் போடுங்கள். களிமண்ணை வெட்டி அளந்தால் இன்டேக் வால்வுக்கு 0.080, எக்ஸாஸ்டுக்கு 0.100 அங்குலமாவது இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ் அதிகம் சூடாகி நீளும் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

கேமைக் கார்டில் உள்ள மையக்கோட்டுக்கு டிகிரி செய்யுங்கள், அதாவது கோண வட்டை வைத்து அளந்து பொருத்துங்கள். டைமிங் செயினில் புள்ளியோடு புள்ளி சேர்ந்துவிட்டது என்பது போதாது. நான்கு டிகிரி தள்ளி நின்றாலும் புள்ளிகள் நேராகத்தான் தெரியும்.

ரிங் முனை இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் தனியாக அளந்து அரத்தால் சரிசெய்யுங்கள். பொதுவாக மேல் ரிங்குக்குப் போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.0045, அதாவது 0.018. ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டன் சிலவற்றில் மேல் ரிங் அதிகம் சூடாகும் இடத்தில் இருக்கும். அவற்றுக்கு இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். பெட்டியில் உள்ள தாளைப் படியுங்கள். இடைவெளி போதாமல் முனைகள் முட்டினால் பிஸ்டனின் மேல் விளிம்பே பிய்ந்து வரும்.

கடைசிப் பொருத்தலில் ஒன்று: இந்த பிளாக்கில் ஹெட் போல்ட்டின் துளைகள் தண்ணீர்ப் பாதைக்குள் இறங்குபவை. மரையில் சீலன்ட் பூசாவிட்டால் கூலன்ட் போல்ட் வழியே ஏறி ஆயிலில் கலக்கும். அலுமினிய ஹெட்டானால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கடின வாஷர். 65 அடி-பவுண்டை மூன்று கட்டமாக, நடுவிலிருந்து வெளியே.

13. முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும் முன், டிரில்லில் பிரைமிங் தண்டு மாட்டி ஆயில் பம்ப்பைச் சுற்றுங்கள். பதினாறு ராக்கரிலும் ஆயில் கசியும்வரை நிறுத்தாதீர்கள்; நடுவில் கிராங்கை இரண்டொரு முறை திருப்பிவிடுங்கள். எச்.இ.ஐ.யை முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் மேல் மையத்தில் வைத்து, கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி வைக்க வேண்டும். ஸ்டார்ட்டரை வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தால் லோபில் பூசிய மசகு துடைத்துப் போய்விடும்.

தட்டை லிஃப்டர் கேம் என்றால், பற்றியவுடன் 2,000-க்கு ஏற்றி, 2,000 முதல் 2,500-க்குள் மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலுக்கு விடக் கூடாது. லோபுக்கு ஆயில் முக்கியமாகக் கிராங்க் சுழன்று தெளிப்பதிலிருந்துதான் வருகிறது; மெதுவாகச் சுழன்றால் வராது. இரட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால் இந்த அரை மணிக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருப்பது நல்லது. கூலன்ட் கசிந்தாலோ சூடேறினாலோ உடனே அணைத்துச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து அதே ஆர்.பி.எம்.மில் தொடருங்கள். ரோலர் கேமுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

அணைத்து ஆறியதும் ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் ஊசி ஊசியான துகள் கொத்தாக வந்தால் கேம் லோப் போகிறது. செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங். எதுவானாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் வால்வ் கவரையும் பானையும் கழற்றுங்கள்.